ருசி பார்ப்பது சாப்பிடுவது ஆகாது

வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இந்த எளிய வாக்கியத்தைச் சென்ற ஆண்டு ஷார்ஜாவில், முவைலாவில் உள்ள எங்கள் கட்டடத்தின் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் சொல்லியிருக்கிறேன். ஒருவராவது நம்பியதாக நினைவில்லை. அவருக்கு இருந்தது நாட்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை. பல ஆண்டுகள் எவரும் அளந்து பார்க்காத இரத்த அழுத்தமும், நாள் முழுவதும் கடையில் நின்ற கால்களுக்காக அவர் தானே வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் எங்கள் மக்கள் அறிந்த நோய்கள் இரண்டே: ஒன்று சர்க்கரை, மற்றொன்று கண்ணேறு. இரண்டாவதற்கு வைத்தியம் வீட்டிலேயே உண்டு. ஆகவே ஒருவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார் என்றால் அவருக்கு முதலாவதுதான் என்று முடிவாகிவிடும்.

மருத்துவர் மலையாளி. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே தமக்கென்று ஒரு மொழி வைத்திருந்தார். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டு எங்கள் பக்கம் திருப்பினார்.

"பொட்டாசியம் அஞ்சு புள்ளி எட்டு. இது கூடினா கிட்னி மட்டுமில்லா, ஹார்ட்டும் பிரச்சினை. மருந்து மாத்தித் தராம். ரெண்டு வாரத்துல ஒரு டெஸ்ட், நாலு வாரத்துல ஒரு டெஸ்ட். அப்பவும் குறையலைன்னா டயாலிசிஸ் பத்திப் பேசணும்."

வாப்பா தலையாட்டினார். டயாலிசிஸ் என்றால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வாப்பாவின் கடை, இங்கே எல்லோரும் பகாலா என்று சொல்லும் சிறிய மளிகைக்கடை. ஒற்றை ஆளாக அதை அவர் நடத்தினார். வாரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடக்கும் பகாலாவுக்கு நான்காம் நாள் யாரும் வரமாட்டார்கள். கடை போனால், அதை ஒட்டியே நின்றிருந்த எங்கள் மூவரின் விசாவும் போகும். இவ்வளவையும் அவர் அந்த அறையில் ஒரே நொடியில் எண்ணிப் பார்த்துவிட்டார் என்பதை, அவர் மருத்துவரிடம் கேட்ட ஒரே கேள்வியிலிருந்து அறிந்துகொண்டேன்.

"வெள்ளிக்கிழமை காலையிலே மட்டும் செய்ய முடியுமா, டாக்டர்?"

முடியாது என்றார்.

உணவு ஆலோசகர் ஒரு பட்டியல் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை நான் மூன்று முறை படித்தேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிப்பவள் என்பதால் தலைகீழ் உலகங்களில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. இப்படி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. பேரீச்சம்பழம், பாதாம், முந்திரி, அத்தி, வாழைப்பழம், இளநீர், கருப்பட்டி, வெல்லம் ஆகிய அனைத்தும் விலக்கப்பட்டிருந்தன. அனுமதிக்கப்பட்ட இனிப்புகளின் வரிசையில், அளவோடு என்ற குறிப்புடன், வெள்ளைச் சீனியில் செய்த சாதாரண மிட்டாய் இருந்தது. வாழ்நாள் முழுவதும் நமக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட நல்ல பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே. யாரோடு சேரக் கூடாது என்று நம்மை அடித்து வளர்த்தார்களோ அந்தப் பொறுக்கி மட்டும் நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

உம்மா அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பட்டியலின் விலக்கப்பட்ட பகுதி முழுவதும் உள்ளே அடுக்கப்பட்டிருந்தது.

நோய் விசாரிக்க வருவோர் மறுநாளே வரத் தொடங்கினர். வெறுங்கையோடு வருவது எங்களிடம் வழக்கமில்லை. சீனி கொண்டுவரும் அளவுக்கு அறிவில்லாதவர்களும் அல்லர். ஒருவர் நான்கு இளநீர் கொண்டுவந்தார். ஒருவர் உலர்பழப் பெட்டி. ஒருவர், வேரோடு பிடுங்கிவந்ததுபோல், ஒரு குலை வாழைப்பழம். மூன்றாம் மாடி மாமி, தாமே செய்த லட்டுகளை ஒரு டப்பாவில் அடுக்கி வந்திருந்தார்.

"சீனி ஒரு துளி போடலம்மா. பேரீச்சம்பழம், பாதாம், அத்திப்பழம், ருசிக்குக் கொஞ்சம் கருப்பட்டி. சுகர்காரங்களுக்குன்னே யூட்யூப்லே போட்டிருக்கான்."

"வாப்பாவுக்கு சுகர் இல்ல மாமி."

"அதைத்தான் நானும் சொல்றேன். இதைத் தின்னா இனிமேலும் வராது."

பொட்டாசியம் கொண்ட பொருள்களை ஒன்றுவிடாமல் திரட்டி உருண்டையாக்கித் தருமாறு ஒரு வேதியியலாளரைக் கேட்டிருந்தாலும், இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே சாச்சா லீவு முடிந்து திரும்பினார். சாச்சா, வாப்பாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊரான கீழக்கரையிலிருந்து திரும்பும் எவரும் தொதல் இல்லாமல் விமானம் ஏறுவதில்லை. தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் அரிசிமாவோடு மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் கரிய அல்வா அது. கொண்டுவந்தவர் தம் கையாலேயே குடும்பத்தின் மூத்தவர் வாயில் முதல் துண்டை வைப்பது எங்கள் வீட்டு முறை. சாச்சா துண்டை விரல்களில் எடுத்துக்கொண்டு வாப்பாவை நோக்கி வந்தபோது நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன். பொதுவாக நான் யாருக்கும் நடுவே போய் நிற்பவள் அல்லள்.

"வேணாம் சாச்சா."

"என்னம்மா, ஊர்லேருந்து சுமந்துட்டு வந்திருக்கேன். ஒரு விரக்கடைதானே?"

"அந்த விரக்கடையிலேயும் பொட்டாசியம் இருக்கு, சாச்சா."

சாச்சா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே புண்பட்டிருந்தார்.

"எங்கே இருக்கு, காட்டு! கிண்டி எறக்குற வரைக்கும் நான் பக்கத்துலேயே நின்னேன். அப்படி ஒண்ணும் அவங்க போடலியே."

வாப்பா சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒருமுறைதான். முதல் துண்டைக் கீழே வைப்பது முறையல்ல என்பதால், அண்ணனின் சார்பில் சாச்சாவே அதைத் தின்றார். சார்பு ஒரு துண்டோடு முடியவில்லை.

வீட்டில் நான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். வேளை, பொருள், அளவு என்று மூன்று பத்திகள். காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை இறுத்துவிட்டுச் சமைத்தோம். உப்பைக் குறைத்து உம்மா அரிசிமாவில் முறுக்கு சுட்டார். தேநீரோடு ஏதாவது இனிப்பு இல்லாவிட்டால் வாப்பாவின் மாலைப்பொழுது முடியாது. அதற்காக இரண்டு ஆரஞ்சு மிட்டாய்களை ஒரு சிறு தட்டில் வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அன்று வந்த சரக்கைப் பற்றிப் பேசுவார்.

இரண்டாம் நாள் மாலை மாமி டப்பாவைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள் இருக்கின்றன. செய்தி இரண்டிலும் ஏறியது. மறுநாள் தரைத்தளத்தில் அறிமுகமே இல்லாத ஒரு பெண் என்னைப் பார்த்துத் தம் தோழியிடம், "இந்தப் புள்ளைதான்" என்றார். படித்த பெண், பெற்ற தந்தைக்குச் சீனி மிட்டாய் ஊட்டுகிறாள் என்பது வழக்கின் சுருக்கம்.

பதினைந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. ஐந்து புள்ளி ஒன்பது.

மாமி கேள்விப்பட்டு வந்து, அமைதியாக, "நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றார். அன்று மாலை உம்மா மிட்டாய்த் தட்டை வைக்கவில்லை. மறுநாள் மருத்துவமனையில் என் பத்தொன்பது பக்கக் குறிப்பேட்டை மருத்துவர் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போது அது எவ்விதத்திலும் உதவவில்லை.

"இது சரியா இருந்தா இந்த நம்பர் வராது. என்னமோ விட்டுப்போச்சு." வாப்பாவிடம் திரும்பினார். "பேரீச்சம்பழம் சாப்பிட்டீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல, டாக்டர்."

வாப்பா பொய் சொல்பவர் அல்லர். தக்காளி வாங்க வந்தவரிடம், "இது நேத்து வந்தது, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பும் கடைக்காரர் அவர். ஆகவே நான் என் குறிப்பேட்டைத்தான் சந்தேகித்தேன். காய்கறி நீரை இறுத்தது போதவில்லையோ, முறுக்கில் ஏதேனும் உண்டோ என்று மூன்று நாள் தேடினேன்.

நோன்பு மாதத்துக்கு அப்போது மூன்று வாரங்களுக்கும் குறைவாகவே இருந்தது. நான்காம் நாள் உம்மாவுக்குத் தலைவலி. பகல் உணவை நான் கடைக்குக் கொண்டுபோனேன். வாப்பா கல்லாவை ஒட்டி நின்றிருந்தார். எதிரே பேரீச்சம்பழ மொத்த வியாபாரியின் விற்பனையாள், உருது பேசும் ஒரு பட்டான், வகைக்கு ஒன்றாக நான்கு பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தார்.

"பாய், யே சுக்கரி. சக்கோ," என்று ருசி பார்க்கச் சொன்னார்.

வாப்பா சுக்கரியில் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, வாயில் போட்டு, கண்களை மூடி மென்றார். பிறகு கலாஸ். பிறகு அஜ்வா. பிறகு, ஒப்பிடுவதற்காக, மறுபடியும் சுக்கரி. பட்டான் போனதும் வாப்பா முந்திரி டின் ஒன்றைத் திறந்து, மேலிருந்து இரண்டு, கை விட்டு அடியிலிருந்து இரண்டு. நேந்திரங்காய் சிப்ஸ் மூட்டையில் நமுத்துப்போயிருக்கிறதா என்று இரண்டு. நான் உணவுப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அவர் அந்தப் பட்டியலின் விலக்கப்பட்ட பகுதியை ஏறக்குறையப் படித்து முடித்திருந்தார்.

"வாப்பா, நீங்க பேரீச்சம்பழம் சாப்பிடலன்னு டாக்டர்கிட்ட ஆணையிட்டீங்க."

"ஆமா. சாப்பிடலியே."

"இப்போ நாலு சாப்பிட்டீங்க."

"எப்போ?" அவர் திகைப்பு நடிப்பல்ல. பிறகு பெட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தார். "அதுவா? அது ருசி பாத்ததும்மா."

"விழுங்கினீங்க."

"விழுங்காம தொண்டையிலே காறுதா இல்லியான்னு எப்படித் தெரியும்? கை கழுவி, உக்காந்து, பிஸ்மி சொல்லித் தின்னாத்தான் சாப்பாடு. இது யாவாரம்."

முப்பது ஆண்டுகளாக நோன்புக்கு முன் நாளொன்றுக்கு நாலைந்து விற்பனையாள்கள் வருகிறார்கள். அவர் முப்பது ஆண்டுகளாக எதையும் சாப்பிடவில்லை. இதில் எந்த நீதிமன்றத்திலும் அவரைப் பொய்யர் என்று நிறுவ முடியாது.

"அப்படின்னா மென்னுட்டுத் துப்பிடுங்க. தேயிலைக்கு ருசி பாக்கறவங்க அப்படித்தான் செய்றாங்க."

"துப்புறதா?" அவர் குரல் உயர்ந்தது. "பேரீச்சம்பழத்தையா? கடைக்குள்ள நின்னுக்கிட்டு, யாவாரிக்கு முன்னாடி, அவன் சரக்கைத் துப்புறதா? அதுக்கு டயாலிசிஸே தேவலை."

சொன்ன பிறகு அந்தச் சொல் கடைக்குள் நின்றது. வாப்பா கல்லாவின் மேல் இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார்; அங்கு ஈரம் எதுவும் இல்லை.

"ருசி பாக்காம சரக்கு எறக்க முடியாதும்மா," என்றார், தணிந்த குரலில். "போன தடவை ஒருத்தன் மேல் தட்டுலே நல்லதை வெச்சு அடியிலே புளிச்சதை வெச்சிருந்தான். நம்ம கடைப் பழத்துலேதான் இந்தத் தெருவே நோன்பு தெறக்குது. என்னைய நம்பி வாங்கிட்டுப் போறாங்க."

"நான் பாக்கறேன்," என்றேன்.

எனக்குப் பேரீச்சம்பழம் பிடிக்காது. வாப்பாவுக்கு அது தெரியும். அதனாலேயே இந்த நியமனத்தை அவர் நெடுநேரம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பட்டான் மீண்டும் வந்து பெட்டிகளைத் திறந்தபோது வாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையால் என்னைச் சுட்டினார்.

"பேட்டி சக்கேகி?" மகளா ருசி பார்ப்பாள் என்ற வியப்போடு பட்டான் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பேட்டிதான்," என்றார் வாப்பா.

நான் ஒன்றைத் தின்றேன். வாப்பாவின் கண்கள் என் வாயைவிட்டு அகலவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு வாங்குறவன் சொல்லணும். நீ என்ன இருக்குன்னு சொல்லு. தோல் நாக்குலே ஒட்டுதா? இனிப்பு முதல்லேயே வந்துச்சா, மென்ன பொறகா? கடைசியிலே என்ன மிஞ்சுது?"

இரண்டு ஆண்டுகள் திறனாய்வு படித்திருக்கிறேன். படைப்பின் சுவை என்று முப்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வாயில் உண்மையாகவே ஒரு சுவை இருக்கும்போது அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு வரியும் கிடைக்கவில்லை. இன்னொன்று தின்றேன்.

"தொடக்கத்துல அடக்கமா இருக்கு. நடுவுல ஒண்ணுமில்ல. முடியும்போது மிகையா இனிக்குது; கூடவே லேசா ஒரு கசப்பு."

வாப்பா அதைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "போன வருசத்துச் சரக்கு," என்றார். "கோல்டு ஸ்டோர்லே கெடந்தது. வேணாம், பாய்."

பட்டான் நெற்றியில் கை வைத்தார். பிறகு, அந்தப் பெட்டியை மூடிவிட்டு, வண்டியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவந்தார். என் வாழ்வில் நான் எழுதிய எந்தத் திறனாய்வுக்கும் இவ்வளவு விரைவான விளைவு இருந்ததில்லை.

இப்படியாகப் பன்னிரண்டு நாள் நான் வாப்பாவுக்காக ருசி பார்த்தேன். முந்திரியில் எண்ணெய்க் காறல், சிப்ஸில் நமுப்பு, அத்திப்பழத்தில் மணல் என எல்லாவற்றையும் சொற்களாக்கி அவரிடம் ஒப்படைத்தேன். அவர் திருப்தியடையாமல் இன்னும் கேட்பார். "அரத்தால தேச்ச மாதிரியா, மண்ணு மாதிரியா?" மண் மாதிரி என்பேன். "எந்த மண்ணு?" சில கேள்விகள் சரக்குக்குத் தேவையற்றவை என்று எனக்குத் தெரிந்தது. அஜ்வாவைப் பற்றி அவர் வாங்குவதாக இல்லாத நாளிலும் கேட்டார். அவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசிப் பரிசோதனையின் முடிவு நோன்புக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தது. ஐந்து புள்ளி ஒன்று. மருத்துவர் பேனாவை எடுத்தார், இம்முறை வட்டமிடவில்லை.

"டயாலிசிஸ் பேச்சு இப்ப வேண்டா. மூணு மாசம் கழிச்சு வாங்க. பட்சே நோன்பு வெக்கக் கூடாது. இந்த வருஷம் கண்டிப்பா கூடாது."

முந்தைய வாக்கியங்கள் தந்த மகிழ்ச்சியை வாப்பா வாசல்வரைகூடக் கொண்டுபோகவில்லை. ஏழு வயதிலிருந்து விடாமல் வைத்த நோன்பு. காரில் ஏறியதும், "விடுற ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சோறு போட்டுரலாம்," என்றார், தமக்கே சொல்வதுபோல. நான் ஆம் என்றேன்.

கட்டடத்தில் செய்தி பரவியது. மிட்டாயை நிறுத்தியதால்தான் குறைந்தது என்று லிஃப்டுகளில் தீர்ப்பாயிற்று. உம்மா அன்று மாலையே தட்டில் இரண்டு மிட்டாய்களை வைத்து, வாப்பாவின் முன் அல்லாமல், என் முன் கொண்டுவந்து வைத்தார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் நோன்பன்று மாலை கடைவாசலில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டார்கள். தெருவில் கடை வைத்திருப்பவர்கள், கட்டட வேலை சைட்டிலிருந்து திரும்பிய நாலைந்து பேர், சாச்சா என எல்லோரும் உட்கார்ந்தார்கள். கஞ்சி, வடை, நடுவே எங்கள் கடைச் சுக்கரி ஒரு தாம்பாளம் நிறைய. உம்மா தந்துவிட்ட கஞ்சிப் பாத்திரத்தை இறக்கிவிட்டு நான் கடையின் படியோரம் நின்றேன். வாப்பா நோன்பாளி இல்லை. ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். பகல் முழுவதும் அவர் தண்ணீர்கூட யார் கண்ணிலும் படும்படி குடிக்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சாச்சா ஒரு பழத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"பரக்கத்துக்கு ஒண்ணு, காக்கா. இன்னைக்குமா வேணாம்ப? ஒரு பழம் என்ன பண்ணிரும்?"

பக்கத்தில் இருந்த தேநீர்க்கடைக்காரரும், "ஒண்ணும் பண்ணாது, பாய்," என்றார்.

நான் படியிலிருந்து ஓர் அடி எடுத்துவைத்தேன். வாப்பா என் பக்கம் பார்க்கவில்லை. பழத்தைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"ஒரு பழம் ஒண்ணும் பண்ணாதுதாண்டா," என்றார். "முப்பது வருசமா நான் ஒரு பழத்துக்கு மேல தின்னதே இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு பழந்தான்."

விரிப்பிலிருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. கையை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, நோன்பைத் தெற. எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. நாளைக்குக் காலையிலே இன்னும் இருபது பெட்டி எறக்கணுமா வேணாமான்னு பட்டான் கேப்பான்."

பழத்தை வாங்கி, பிஸ்மி சொல்லி, வாயில் வைத்தேன். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்து, ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டு, என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.